கண்ணாடிக்கு வெளியே ஒரு வாய்

பீப் என்று கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதாண்ணா என்று சொல்லி பெனிட்டா மேடம் கதவைச் சாத்தினார். சாத்தியதும் உலகம் அணைந்துவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை இரும்படிக்கிற எங்கள் ஃபோர்ஜிங் கம்பெனி கேன்டீன் பக்கத்தில் வந்து நிற்கிற காது டெஸ்ட் வேன் இது. அதற்குள் ஓர் ஆள் மட்டும் உட்காரும்படி ஒரு பெட்டி. பெட்டிக்குள் நான், நந்தகுமார், டோக்கன் நம்பர் 117, ஒரு டன் ஹேமரின் பெடலில் கால் வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆனவன். தலையில் ஹெட்போன், கையில் பொத்தான், முகத்துக்கு நேரே சோற்றுத்தட்டு அகலத்துக்கு ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடமும் அவர் எதிரே ஸ்டூலில் லோகநாதனும். லோகநாதன் ஃபர்னேஸ் ஆள், எனக்கு அடுத்து உள்ளே வர வேண்டியவன். இங்கே இரண்டிரண்டு பேராகத்தான் கூப்பிடுவார்கள். ஒருத்தன் பெட்டிக்குள் இருக்கும்போது மற்றவன் வெளியே உட்கார்ந்து, உள்ளே இருக்கிறவனின் ஃபார்மை நிரப்ப விவரம் சொல்ல வேண்டும். பேர், டோக்கன், எத்தனை வருஷ சர்வீஸ், குடி உண்டா, சுகர் உண்டா, வீட்டில் காதுக்குச் சத்தமான பழக்கம் ஏதாவது உண்டா. நேரம் மிச்சமாகிறதாம். ஒரு மனுஷனைப் பற்றிப் பக்கத்து ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று எந்தப் புத்திசாலிக்குத் தோன்றியதோ, அவன் காதில் என் ஹேமர் விழ. அந்தக் கடைசிக் கேள்வியில்தான் போன வருஷம் என்னோடு ஹேமரில் நின்ற திருமூர்த்திக்கு வேலை போனது. வேலையால் காது போயிருந்தால் கம்பெனி வேறு செக்‌ஷனில் வேலை தர வேண்டும். பொழுதுபோக்கால் போயிருந்தால் வீட்டுக்குப் போகலாம். திருமூர்த்தி ஃபார்மில் பொழுதுபோக்கு என்று எழுதினார்கள், திருமூர்த்தி வீட்டுக்குப் போனான். இப்போது லோகநாதனின் வாய் அசைகிறது. ஓர் எழுத்துகூடக் கேட்கவில்லை. அவனுக்கு என் பாட்டு தெரியும்.

வலது காதில் ஒரு பீப். அமுக்கினேன். இன்னொன்று, கொஞ்சம் ஒல்லியாக. அமுக்கினேன். அப்புறம் ஒன்றுமில்லை, அல்லது இருக்கிறது, எனக்கு எப்படித் தெரியும், என் காதுக்குள் ஏழெட்டு வருஷமாக ஒரு சுவர்க்கோழி குடியிருக்கிறது, ஙீ என்று ஓயாமல் ஒரே சுருதி. மெஷினின் பீப்பும் அதே சுருதியில் வந்தால் எது கோழி எது மெஷின் என்று யார் பிரிப்பது. அமுக்கலாமா வேண்டாமா. அமுக்கிவிட்டேன். மேடம் நிமிர்ந்து பார்க்கவில்லை. தப்போ சரியோ ஒன்றும் தெரியாது, பரீட்சை எழுதும்போதே பேப்பர் திருத்துகிறவர் முகத்தைப் பார்க்க வைத்திருக்கிறார்கள். நேற்று ஷிஃப்ட் முடிந்ததிலிருந்து சத்தத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்று டைம் ஆபீஸில் சொல்லி அனுப்பியிருந்தார்கள், டெஸ்டுக்கு முன்னால் காது ஓய்ந்திருக்க வேண்டுமாம். அதனால் நேற்று நான் பாட்டுக் கேட்கவில்லை. முதல் ஷிஃப்ட் முடிந்து மூன்றரை மணிக்கு வீட்டுக்குப் போனால், என் மனைவி கவிதாமணி கார்மென்ட்ஸ் வேலையிலிருந்து ஐந்தேகாலுக்கு வரும்வரை வீடு என்னுடையது. ஃபேனைப் போட்டுத் தரையில் மல்லாந்து, ஹெட்போனை மாட்டினால் ஒன்றேமுக்கால் மணி நேரம். நேற்று அந்த ஒன்றேமுக்கால் மணி நேரமும் சுவர்க்கோழிதான். கவிதாமணி வந்ததும், "என்ன, இன்னிக்கு உங்க பேயிக யாரும் வர்லீங்களா?" என்றாள். சாமி ரூம் இருக்கிற வீட்டில் இந்தக் கத்தல் ஆகாது என்று அவள் சொல்லிச் சொல்லி ஓய்ந்து பதினாறு வருஷம். அவளுக்கு எப்படிச் சொல்வது. எனக்கே சொல்லத் தெரியவில்லை. வேலையில் சேர்ந்த வருஷம், ஞாயிற்றுக்கிழமை, உக்கடத்தில் பழைய சாமான் கடையில் அட்டை இல்லாத ஒரு கேசட். கடைக்காரர், "அது ஹெவி மெட்டலுப்பா, இங்கிலீசு, உனக்கு ஆவாது" என்றார். ஆகாது என்றதாலேயே வாங்கினேன். ரூமுக்கு வந்து போட்டதும் டேப் சிக்கிக்கொண்டது என்று நினைத்து நிறுத்தினேன். எடுத்துப் பார்த்தால் சிக்கவில்லை. மறுபடி போட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கால் தானாகத் தரையை மிதிக்க ஆரம்பித்தது, பெடலை மிதிக்கிற அதே கால். ஹேமர்தான். ஆனால் ஹேமருக்கு ஒரு மூளை இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. நாள் முழுக்க என் மண்டையில் கண்டபடி விழுந்த அடியெல்லாம் வரிசையில் வந்து நின்றது. மேலே ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துகிறான், என்ன கத்துகிறான் என்று இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. எதற்குக் கத்துகிறான் என்று தெரியும்.

எங்கள் அப்பா கத்தியதே இல்லை. மில்லில் மேஸ்திரி. மில்லை மூடுகிறோம் என்று கூப்பிட்டுச் சொன்னபோதும் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, கேட்டுக்கு வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து வீட்டுக்கு வந்தவர். வீட்டில் அம்மாவிடமும் அதையே சொன்னார், "சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன்." அந்தச் சரிங்கவை எனக்குச் சொத்தாக எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். ஆடிட்டுக்கு ஆள் வருகிற வாரம் மட்டும் எங்கள் கையில் மஞ்சள் பஞ்சு பிளக் தருவார்கள், காதில் வைத்துக்கொள், அவர்கள் போனதும் திருப்பிக் கொடு என்பார்கள். சரிங்க. ஞாயிற்றுக்கிழமை வா. சரிங்க. இதெல்லாம் எங்கே போகும்? வயிற்றில்தான் போய்த் தங்கும். மூன்றரை மணிக்கு ஹெட்போனை மாட்டினால் அது வெளியே வரும், யாருக்கும் சேதமில்லாமல். நான் கத்த வேண்டியதில்லை, எனக்காக ஒருத்தன் கத்துகிறான், பின்னால் இரண்டு கித்தார் ஆமாம் ஆமாம் என்கிறது. மற்ற பாட்டெல்லாம் என்னை ஆறுதல் படுத்தப் பார்க்கிறது, அழாதே, விடியும், காத்திரு என்கிறது. இது ஒன்றுதான் விடியும் என்று பொய் சொல்லாதது. இதைப் போய் ஃபார்மில் பொழுதுபோக்கு என்று எழுதுவார்களாம். பொழுது போகவா கேட்டேன்.

பீப் இல்லை. ரொம்ப நேரமாக இல்லை. நான்தான் கோட்டை விடுகிறேனோ. லோகநாதன் பேசிக்கொண்டே இருக்கிறான், இவனுக்கு வாய் மூடாது. வலது கையை அகல விரித்து எதையோ காட்டுகிறான், பெரிதாக எதையோ. மேடம் சிரிக்கிறார். என்ன சொல்கிறான், ஆயுத பூஜைக் கதையைச் சொல்கிறானா? மூணு வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜை. லோகநாதனுக்கு வீட்டில் ரேடியோ செட் தொழில் உண்டு, கல்யாணம், சாவு, கோயில் நோம்பி எல்லாவற்றுக்கும் ஆள் உயர ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். ஹேமருக்குச் சந்தனம் பூசி மாலை போட்டு, வருஷத்தில் அந்த ஒருநாள் அது வாயை மூடிக்கொண்டு நிற்கும். லோகநாதன் பாக்ஸ் கட்டியிருந்தான். திருமூர்த்தி என் செல்லைப் பிடுங்கி அதில் சொருகிவிட்டான், "எங்க நந்தன் பாட்டையும் ரெண்டு நிமிசம் கேளுங்கடா." ஷெட் முழுக்க அந்த கித்தார் இறங்கியது. தகரக் கூரை நடுங்கியது. திருமூர்த்தி அவர்கள் ஊர்க் கோயிலுக்கு ஜமாப் மேளம் அடிக்கிறவன், அன்றைக்குப் பூஜைக்காக மேளத்தைக் கொண்டுவந்திருந்தான். தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டோடு சேர்ந்து அடித்தான். ஒரு அடி பிசகவில்லை. எங்கேயோ குளிர்தேசத்தில் தலைமுடி வளர்த்த நாலு பேரும், உடுமலைப் பக்கத்து திருமூர்த்தியும், ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்ட மாதிரி. நான் அழுதேன், புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, மேனேஜர் வருகிறார் என்று லோகநாதன் வயரைப் பிடுங்கிவிட்டான். "பன்னி அடிக்கறாப்ல இருக்குதுடா உன் பாட்டு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

திருமூர்த்தி என் டாங்ஸ்மேன். பழுத்த இரும்பை நீளக் கொறடில் பிடித்து டை என்கிற அச்சில் வைக்கிறவன் அவன், பெடலை மிதித்து அடியை இறக்குகிறவன் நான். பத்தொன்பது வருஷம். அந்தச் சத்தத்தில் பேச்சு ஏது, எல்லாம் தாடைதான். தாடை கீழே இறங்கினால் அடி. பக்கவாட்டில் திரும்பினால் அடிக்காதே, கை உள்ளே இருக்கிறது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அவன் தாடையைத் தப்பாகப் பார்த்ததில்லை. அவன் பத்து விரலும் முழுசாக இருப்பதே அதற்குச் சாட்சி. மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தால் இயர்போனில் ஒன்று என் காதில், ஒன்று அவன் காதில். டிபன் கேரியர் மூடியில் விரலால் தட்டிக்கொண்டே, "இது நம்ம ஜமாப்புதான்டா நந்தா. கரண்டு வெச்சு அடிக்கறானுக, அவ்ளோதான்" என்பான். கருமம் என்றும் சொல்லாமல், ஆஹா என்றும் சொல்லாமல் இந்தப் பாட்டை உள்ளபடி கேட்டவன் இந்தக் கோயம்புத்தூரில் அவன் ஒருத்தன்தான். அவனைத்தான் நான் அனுப்பி வைத்தேன். சொல்லிவிடுகிறேன், இந்தப் பெட்டிக்குள் யாருக்குக் கேட்கப் போகிறது. போன வருஷம் முதலில் நான் பெட்டிக்குள் இருந்தேன், அவன் வெளியே. நான் வந்ததும் அவன் உள்ளே போனான். போகும்போது வாசலில் என் முழங்கையைப் பிடித்து, "பாத்துச் சொல்றா" என்றான். டோக்கன் நம்பரைத்தான் பார்த்துச் சொல்லச் சொல்கிறான் என்று நினைத்தேன், நான் எப்போதும் அவனுடைய 118ஐ மாற்றிச் சொல்வேன். அப்போது இருந்தவர் ஒரு வயசான டெக்னீஷியன், ரொம்பத் தன்மையாகப் பேசினார். காதுக்குச் சத்தமான பழக்கம் ஏதாவது உண்டுங்களா என்று அவர் கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். "இவனுங்களா? ஜமாப் அடிச்சான்னா ஊரே அதிருமுங்க. இந்தப் பக்கத்துல இவன மாதிரி அடிக்க ஆள் இல்லீங்க." எழுந்து நின்று அடித்துக்கூடக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். பாராட்டி எழுதுகிறார் என்று நினைத்த முட்டாள் நான். வருஷத்தில் அஞ்சு நாள் மேளம். முன்னூறு நாள் ஹேமர். அஞ்சு நாள்தான் அவன் காதைத் தின்றுவிட்டதாக எழுதி, பத்தே நாளில் கணக்கை முடித்து அனுப்பினார்கள். அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. இப்போது தேங்காய் மண்டியில் மட்டை உரிக்கிறான். மேளத்திலும் சேர்ப்பதில்லையாம், முன்னால் அடிக்கிறவன் தாளம் மாற்றினால் இவனுக்குக் கேட்பதில்லை. அந்த மண்டி இருக்கிற ரோட்டில் போவதை நான் விட்டுவிட்டேன். வேறு ரோடா இல்லை.

இடது காது. மேடம் விரலால் காட்டுகிறார். பீப். அமுக்கினேன். இந்தக் காதுதான் ஹேமர் பக்கம் இருந்த காது, இதில்தான் திருமூர்த்தியோடு பங்கு போட்ட இயர்போனும் இருந்தது. இதை எது தின்றது? எட்டு மணி நேர ஹேமரா, ஒன்றேமுக்கால் மணி நேரப் பாட்டா? ஃபார்மில் இரண்டு கட்டம், ஒன்றில் டிக் போட வேண்டும். ஹேமர்தான் என்று என் வயிறு சொல்கிறது. ஆனால் நேற்று சுவர்க்கோழியைக் கேட்டுக்கொண்டு கிடந்தபோது ஒரு சந்தேகம் வந்தது, வந்தது போகவில்லை. ஹேமர் கிழித்த காதில் இன்னும் கொஞ்சம் கிழித்தது பாட்டாகவும் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். ஹேமருக்கு நான் காதைக் கொடுக்கவில்லை, அது எடுத்துக்கொண்டது. பாட்டுக்கு நானாகக் கொடுத்தேன். இதுகூட என் இஷ்டத்துக்கு இல்லையா. சரி, வெளியே போய் மேடத்திடம் இதைச் சொல்வாயா நந்தகுமார்? சொல்ல மாட்டாய். கேட்டால் என்ன சொல்வாய்? எனக்குப் பாட்டே பிடிக்காதுங்க என்பாய். ஹெட்போன் வீட்டிலேயே இல்லீங்க என்பாய். லோகநாதன் சொன்னது பொய் என்பாய், அவன்தான் ரேடியோ செட் வைத்திருக்கிறான், அவனை எழுதுங்கள் என்பாய். ஆமாம், என்பேன். மகன் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம், வேலை போனால் அவன் படிப்பு நிற்கும், என்ன வேண்டுமானாலும் சொல்வேன். இருபத்திரண்டு வருஷம் என்னைக் கீழே விழாமல் பிடித்த ஒன்றை யாரென்றே தெரியாது என்று சொல்லப் போகிறேன், கேட்பதற்கு முன்னாலேயே வாயில் தயாராக வைத்திருக்கிறேன். லோகநாதன் இப்போது காதில் கை வைத்துக் காட்டுகிறான். காதில்! முடிந்தது. பீப் வந்ததா? வந்திருக்கும். பொத்தானில் விரல் வழுக்குகிறது, கை முழுக்க வேர்வை. கவிதாமணி ஒருத்தியின் சம்பளம். நாற்பத்திநாலு வயசில் எந்தக் கம்பெனி கேட்டில் போய் நிற்பேன், அதுவும் பாதிக் காதோடு. டேய் லோகு, வாயை மூடுடா. போதும்டா. உன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் பந்தியில் பரிமாறியிருக்கிறேன்டா.

கதவு திறந்தது. வெளிச்சத்தம் எல்லாம் ஒரே தள்ளாக உள்ளே வந்து விழுந்தது. ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தபோது மேடம் என் முகத்தைப் பார்த்தார். "பயப்படாதீங்கண்ணா. இடது காது கொஞ்சம் கூடவே குறைஞ்சிருக்கு. வேற செக்‌ஷனுக்கு மாத்தச் சொல்லி எழுதறேன்." நான் லோகநாதனைப் பார்த்தேன். அவன் ஸ்டூலில் இருந்து எழுந்து, "மேடத்துகிட்டச் சொல்லிட்டிருந்தேன், நேத்து எங்க ஆட்டுப் பட்டிக்குள்ள ஒரு சாரைப்பாம்பு வந்துச்சல்லொ, இவ்ளோ நீளம். ஆட்டுக்குட்டி காதப் பாத்து வாயப் பொளந்துட்டு வருதுடா" என்று கையை அகல விரித்தான். பாம்பு. பதினைந்து நிமிஷம் என் உயிரை வாங்கியது ஒரு சாரைப்பாம்பு. அப்படியானால் ஃபார்ம் என்று மேடத்தைப் பார்த்தேன். "இவருகிட்ட ஒண்ணும் கேக்கலைண்ணா. பாம்புக் கதையை நிறுத்தினாத்தானே. போன வருஷ ஃபார்மையே பாத்து எழுதிட்டேன். சரியான்னு பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க." இரண்டு தாளையும் சேர்த்து என் முன்னால் வைத்தார். போன வருஷத் தாள் பழுப்பாகியிருந்தது. சத்தமான பழக்கம் என்கிற இடத்தில் அந்த வயசான டெக்னீஷியனின் முத்துமுத்தான எழுத்து: இல்லை. பாட்டு கேட்கும் வழக்கமே கிடையாது. வேலையைத் தவிர வேறு சத்தம் கிடையாது. அதற்குக் கீழே, விவரம் சொன்னவர் என்று போட்டு, கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. கி. திருமூர்த்தி, டோ.118.

நான் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பாட்டை என் காதிலிருந்து வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டவன் சொல்லியிருக்கிறான், பாட்டு கேட்கும் வழக்கமே கிடையாது. கேள்வியைக் கேட்டதுமே அவனுக்கு அதன் உள்குத்து புரிந்திருக்கிறது. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துதான் என் முழங்கையைப் பிடித்திருக்கிறான். பாத்துச் சொல்றா. "சரிங்களாண்ணா?" என்றார் மேடம். "சரிங்க" என்றேன். கையெழுத்துப் போட்டேன். லோகநாதன் உள்ளே போனான், மேடம் கதவைச் சாத்தினார், நான் அவன் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன், சூடாக இருந்தது. பேர் சொன்னேன், டோக்கன் சொன்னேன், சர்வீஸ் சொன்னேன். "இவருக்கு வீட்ல சத்தமான பழக்கம் ஏதாவது இருக்காண்ணா?" ஆள் உயரப் பாக்ஸ், சாவு வீடு, கல்யாண வீடு, பன்னி அடிக்கிற மாதிரி இருக்குது உன் பாட்டு. "ஒண்ணும் கிடையாதுங்க" என்றேன். "வேலை உண்டு, ஆடு உண்டுங்க. சத்தமே ஆகாதுங்க அவனுக்கு." ஒரு வருஷம் லேட். மேடம் இல்லை என்று எழுதினார், எவ்வளவு சின்ன வார்த்தை, எழுத ஒரு நொடி ஆகவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குள் லோகநாதன் புருவம் சுருங்கி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே உட்கார்ந்தால் எல்லோருக்கும் அந்த முகம்தான் வரும் போலிருக்கிறது. போன வருஷம் திருமூர்த்தியும் அதே கண்ணாடியில் இருந்தான், இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது, இத்தனை நாளும் ஞாபகம் இருந்தது. ஊரே அதிரும் என்று நான் எழுந்து நின்று, இல்லாத குச்சியால் இல்லாத மேளத்தை அடித்துக் காட்டியபோது அவன் என்னை நேராகப் பார்த்தான். தாடையைப் பக்கவாட்டில் திருப்பினான். ஒரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. கூச்சப்படுகிறான் என்று நினைத்து நான் இன்னும் வேகமாக அடித்துக் காட்டினேன்.